உண்டியலும் உலகப் பயணமும்

வெளிநாட்டுப் பிரயாணம் என்றால் அது பணக்காரர் சமாச்சாரம் என்றுதான் ஜவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலிலும் நினைப்பார்கள். "பெண்ணுக்குக் கல்யாணம் ஆகட்டும், பையனுக்கு வேலை கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடாத தம்பதிகள் எத்தனை பேர்? அந்தப் 'பிறகு' வரும்போது முழங்கால் வலியும் கூடவே வந்துவிடுகிறது.

கொச்சியில் சிறிய தேநீர்க் கடை நடத்திய விஜயனும் அவர் மனைவி மோகனாவும் அப்படிக் காத்திருக்கவில்லை. நாள்தோறும் 300 ரூபாய் எடுத்து வைத்தார்கள். போதாததற்கு வங்கியில் கடன் வாங்கினார்கள். ஊர் திரும்பி, கடையில் உழைத்து அதை அடைத்தார்கள். 2021 நவம்பரில் விஜயன் காலமாவதற்குள் இருவரும் 26 நாடுகளைப் பார்த்துவிட்டார்கள்.

"கடன் வாங்கி ஊர் சுற்றுவதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அடைக்க வழி தெரியாத கடன் எதற்குமே ஆகாது. ஆனால் ஒரு நாள் கல்யாணப் பந்தலுக்கு வட்டிக்கு வாங்கத் தயங்காதவர்கள் இப்படிக் கேட்பதுதான் வேடிக்கை.

சிக்கனப் பயணத்தில் முதல் இரண்டு மூன்று நாட்களே சோதனை. வாடகைக் காரிலேயே ஒரு நாள் செலவு கரைந்துபோகும். தேநீர் விலையை ரூபாயில் கணக்குப் போட்டு, "எனக்கு வேண்டாம்" என்பாள் மனைவி. கணவன் முகம் சுண்டிப்போகும். நாளுக்கு இவ்வளவு என்று புறப்படுமுன்பே இருவரும் பேசி முடித்துவிட்டால் இந்த வருத்தம் இல்லை. பிறகு, சேர்த்த பணம் செலவழிக்கத்தானே!

சந்தவாசலிலும் ஓர் உண்டியலில் இன்றே ஒரு நோட்டு விழட்டும். எந்த நாடு என்பதை மட்டும் மனைவியைக் கேட்டு முடிவு செய்யட்டும்.