சந்தா கட்டிக் கேட்போம்: மலையக உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மலையக உறவுகளே,

அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் வாழும் ஒருத்தி எழுதுகிறேன். நம் மலைகளுக்கென்று ஒரு வானொலி வேண்டும், அதை நாமே சந்தா கட்டி நடத்த வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தமிழ் வானொலிக்கு இப்போது என்ன பஞ்சம் என்று நினைப்பீர்கள். பாட்டு வருகிறது, கொழும்புச் செய்தி வருகிறது, விளம்பரம் வருகிறது. உங்கள் டிவிசனில் இந்த மாதம் எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், பிள்ளைக்காம்பராவின் கூரை எப்போது திருத்தப்படும், எந்த லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருக்கிறது என்பதெல்லாம் வருகிறதா? விளம்பரத்தை நம்பி வாழும் நிலையம் பொருள் வாங்கக்கூடியவர்களைத் தேடித்தான் போகும். நாட்கூலிக்காரர்களின் வீட்டுக் கதை அதற்கு வியாபாரம் ஆகாது.

நம் நுவரெலியா மாவட்டத்திலேயே ஒரு முயற்சி நடந்தது. மகாவலித் திட்டத்தால் இடம்பெயர்ந்து குடியேறிய மக்களுக்காக, யுனெஸ்கோவும் டென்மார்க் அரசும் உதவ, 1981இல் மகாவலி சமுதாய வானொலி தொடங்கியது. தயாரிப்பாளர்கள் கிராமங்களுக்கே போய்த் தங்கி, அங்குள்ளவர்களைப் பேசவைத்துப் பதிவுசெய்தார்கள். அந்த வழியில் 1989இல் கொத்மலையில் ஒரு நிலையம் எழுந்தது. 1990களின் இறுதியில் அதற்கு இணைய இணைப்பும் கிடைத்தது. ஊரார் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, வானொலியிலேயே விளக்கிச் சொன்னார்கள். வெளிநாட்டு ஆய்வாளர்கள் தேடிவந்து எழுதிய நிலையம் அது. ஆனால் அதன் உரிமம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்தது. பேச்சு பெரும்பாலும் சிங்களத்தில் இருந்தது. எதை ஒலிபரப்புவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்கும் அதிகாரம் கேட்பவர்களுக்கு ஒருநாளும் வரவில்லை. நல்ல மனிதர்கள் உழைத்த நிலையம்தான். ஆனால் சமுதாயத்தின் பெயர் இருந்ததே தவிர, உடைமை சமுதாயத்துடையதல்ல.

உடைமை ஏன் முக்கியம் என்பதை நான் இப்போது வாழும் ஊரின் வரலாற்றில் படித்துக்கொண்டேன். குடியேறிய மக்கள் தம் மொழிகளில் பேசுவதற்காக 1975இல் மெல்பேர்ணில் ‘3 இசெட் இசெட்’ என்ற நிலையம் திறந்தது. அரச ஒலிபரப்பு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த அதை 1977இல் அரசு மூடிவிட்டது. மக்கள் ஊர்வலம் போயும் பயனில்லை. பிறகு அந்த மக்களே கூடி, உரிமம் பெற்று, 1989இல் ‘3 இசெட் இசெட் இசெட்’ நிலையத்தைத் தொடங்கினார்கள். கொத்மலை பேசத் தொடங்கிய அதே ஆண்டு. அது அரச மானியமும் வாங்குகிறது. ஆனால் நிலையம் உறுப்பினர்களுடையது. இதே நகரில் 1976 முதல் ஒலிக்கும் ‘3 சீ ஆர்’ ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கேட்பவர்களிடம் வெளிப்படையாகக் காசு கேட்கிறது. டாக்சி ஓட்டுபவரும் கொடுக்கிறார், ஓய்வூதியக்காரரும் கொடுக்கிறார்.

கேட்பவர் காசிலேயே வானொலி என்ற எண்ணத்துக்குப் பெயர்பெற்ற இடம் அமெரிக்காவின் பெர்க்லி நகரம். போருக்குப் போக மறுத்த லூயிஸ் ஹில் என்பவரும் நண்பர்களும் 1949இல் அங்கே கே.பி.எஃப்.ஏ. நிலையத்தைத் திறந்தார்கள். அடுத்த ஆண்டே காசு தீர்ந்து ஒலிபரப்பு நின்றது. கேட்பவர்கள் பணம் திரட்டி, 1951இல் மீண்டும் பேசவைத்தார்கள். கேட்பவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் சந்தா கட்டினாலே ஒரு நிலையம் பிழைக்கும் என்பது ஹில்லின் கணக்கு.

நமக்கு இன்னும் நெருங்கிய சொந்தம் பொலிவியாவில் இருக்கிறது. அந்தீஸ் மலைகளில் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளர்கள் 1940களின் இறுதியிலிருந்து தங்கள் கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி வானொலி நிலையங்களைக் கட்டினார்கள். பிற்காலத்தில் அவை இருபதுக்கும் மேலாகப் பெருகின. நகரத்து வானொலி ஸ்பானிய மொழி பேச, இவை கெச்சுவாவும் அய்மாராவும் பேசின. கூலிப் பேச்சுவார்த்தை, தொலைந்த பிள்ளை, கால்பந்துப் போட்டி எல்லாமே வந்தன. 1980 ஜூலையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, இந்த நிலையங்கள் ஒன்றோடொன்று இணைந்து, படை உள்ளே நுழையும்வரை நாட்டுக்குச் செய்தி சொல்லின. ஆனால் 1985க்குப் பிறகு அரச சுரங்கங்கள் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்ததும் நிலையங்களும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. இதை நாம் நன்றாக மனதில் வைக்க வேண்டும். தோட்டத்தில் பேர் பதிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். செக்ரோல் என்ற அந்தப் பேர்ப்பதிவை மட்டும் நம்பினால் நம் வானொலியும் அப்படியே விழும். கொழும்பில் கடையில் நிற்கும் தம்பி, ஆட்டோ ஓட்டும் மாமா, ஆசிரியை, வெளிநாட்டில் வீட்டுவேலை செய்யும் அக்கா எல்லோரும் உறுப்பினர்களாக வேண்டும்.

சந்தா நமக்குப் புதிதா? சங்கத்துக்குக் கட்டுகிறோம். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிறோம். மரண உதவிச் சங்கத்துக்குக் கட்டுகிறோம். செய்தியை வாய்வழியே கொண்டுபோவதும் புதிதல்ல. 1930களில் கோ. நடேசய்யர் தொழிலாளரைத் திரட்டியபோது, அவர் மனைவி மீனாட்சி அம்மாள் உரிமைச் செய்தியைப் பாட்டாகப் பாடித்தான் மக்களிடம் சேர்த்தார். சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த நாட்டார் பாடல்கள் நம் சனத்தின் வாயில்தான் வாழ்ந்தன.

சட்டம் இடம் கொடுக்குமா என்று கேட்பீர்கள். சமுதாய வானொலிக்கென்று தனி உரிமம் நம் நாட்டில் இல்லை. அதைக் கேட்டுப் போராடத்தான் வேண்டும். வெறுங்கையோடு போகவும் வேண்டாம்; கையில் தீர்ப்புகள் இருக்கின்றன. ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியதற்காக அரச வானொலிக்கு எதிராக ஒரு நேயர் உயர் நீதிமன்றம் போனார். நிகழ்ச்சியில் பங்கெடுத்த அவருடைய கருத்துச் சுதந்திரம் மீறப்பட்டது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. மறுஆண்டு ஒலிபரப்பு அதிகாரசபை மசோதாவையும் அதே நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. மலையகக் கட்சிகள் தேர்தலில் எத்தனையோ வாக்குறுதி தருகின்றன. இனி இதையும் கேளுங்கள்.

உரிமம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அன்றைய ஆந்திராவின் மெதக் பகுதியில் தலித் பெண்கள் ஒலிபரப்பு அனுமதி இல்லாமலேயே பல ஆண்டுகள் தாங்களே நிகழ்ச்சி பதிவுசெய்து, கசெட்டில் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டார்கள். 2008இல் அவர்களுடைய ‘சங்கம் ரேடியோ’ முறையாக ஒலித்தபோது தயாரிக்கவும் தொகுக்கவும் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். நாமும் தொலைபேசியில் பதிந்து வாசிகசாலையில், கோயில் முன்றலில் கேட்கலாம். கொழுந்தெடுக்கும் பெண்கள் முதலில் பேசட்டும். தலைவர்மார் பிறகு பேசலாம்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று அதிகாரிகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு காணி இருக்கவில்லை. ஒரு வானொலி காணி கொடுக்காது. எச்சரித்துவிட்டு எங்கே போகச் சொன்னீர்கள் என்று வாரம்தோறும் பெயர் சொல்லிக் கேட்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்க நம்மிடம் ஒரு இடம் இல்லாமல் போனது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

வெளிநாட்டில் இருக்கும் என்னைப் போன்றவர்களைப் பற்றி ஒரு நிபந்தனையும் சொல்கிறேன். எங்களிடம் காசு வாங்குங்கள். ஆனால் எங்கள் காசு மொத்தத்தில் பாதியைத் தாண்ட விடாதீர்கள். எவ்வளவு கொடுத்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. நிர்வாகத்தில் இருப்பவர்கள் மலையில் வாழ்பவர்களாகவே இருக்கட்டும். அரசும் நிறுவனமும் எசமான்களாகக் கூடாது என்றால் நாங்களும் ஆகக் கூடாது.

அடுத்த மாதச் சங்கக் கூட்டத்தில், மாதர் சங்கத்தில், இளைஞர் மன்றத்தில் இந்தப் பேச்சை எடுங்கள். ஒரு தோட்டம் முதலில் இருபது ரூபாய்ச் சந்தாவோடு தொடங்கட்டும். வரவு செலவைக் கோயில் சுவரில் ஒட்டி வையுங்கள்.

உங்கள் மகளாகவும் தங்கையாகவும்,
மெல்பேர்ணிலிருந்து ஒரு அட்டன்காரி