ஹெரால்டுக்கு முடிசூட்டியது யார்?

இங்கிலாந்தில் 1066 ஜனவரி 6 அன்று இரண்டு முக்கியச் சடங்குகள் நடந்தன. இறந்துபோன மன்னர் எட்வர்டை வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அதே நாளில் ஹெரால்டு புதிய மன்னராக முடிசூடினார்.

அவருக்கு முடிசூட்டி வைத்த பேராயர் யார்? கேன்டர்பரி பேராயர் ஸ்டிகண்டா, யார்க் பேராயர் எல்ட்ரெட்டா?

யாராக இருந்தால் என்ன என்று தோன்றலாம். ஆனால் ஒரு ராஜ்யத்தின் உரிமையே இதில் அடங்கியிருந்தது. ஸ்டிகண்ட், தனக்கு முந்தைய பேராயர் உயிரோடு இருக்கும்போதே அந்தப் பதவியில் அமர்ந்தவர். போப்பாண்டவர்களின் கண்டனத்துக்கும் ஆளானவர். அவர் கையால் முடிசூடினால் அந்தப் பட்டாபிஷேகமே செல்லாது என்று வாதாட இடமுண்டு. இங்கிலாந்தின் சிம்மாசனம் தனக்கே சேர வேண்டும் என்று சொல்லிவந்த நார்மண்டி கோமகன் வில்லியமுக்கு இதைவிட வசதியான வாதம் ஏது?

'ஸ்டிகண்ட்தான்' என்று எழுதியவர் பாய்ட்டியேவின் வில்லியம். இவர் கோமகன் வில்லியமிடம் மதகுருவாக இருந்தவர். சம்பவம் நடந்து சுமார் பத்தே ஆண்டுகளில் எழுதினார். காலத்தால் நெருங்கிய சாட்சிதான், ஆனால் வென்றவர் வீட்டுச் சாட்சி!

அடுத்தது, சுமார் 70 மீட்டர் நீளமுள்ள பாயூ சித்திரத் துணி. கம்பளி நூலால் எம்பிராய்டரி செய்யப்பட்ட இதில், சிம்மாசனத்தில் ஹெரால்டு அமர்ந்திருக்க, பக்கத்தில் ஸ்டிகண்ட் நிற்கிறார். பெயரும் எழுதியிருக்கிறது. ஆனால் கிரீடம் ஏற்கெனவே ஹெரால்டின் தலையில் இருக்கிறது. அதை வைத்தது யார் என்று துணி சொல்லவில்லை. பக்கத்தில் நிற்பவர்தான் சூட்டினார் என்பது பார்ப்பவர் செய்துகொள்ளும் ஊகம்.

'எல்ட்ரெட்தான்' என்பவர், வூஸ்டர் மடத்துத் துறவி ஜான். இவர் எழுதியது அரை நூற்றாண்டுக்கும் பிறகு. அதோடு, எல்ட்ரெட் முன்பு வூஸ்டரிலேயே ஆயராக இருந்தவர். பழைய ஆவணங்கள் ஜானுக்குக் கிடைத்திருக்கலாம். தங்கள் ஊர் ஆயர் என்ற பாசமும் இருந்திருக்கலாம்.

சரி, நடுநிலையான சாட்சி? ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு ஹெரால்டு முடிசூடியதைச் சொல்கிறது. சூட்டியவர் பெயரைச் சொல்லவில்லை.

எழுத்துகள் முரண்படும்போது, மனிதர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஹெரால்டு, தான் கட்டிய வால்தம் தேவாலயத்தை 1060-இல் அர்ப்பணிக்க அழைத்தது அன்றைய யார்க் பேராயரைத்தான், ஸ்டிகண்டை அல்ல. ஒரு தேவாலயத்துக்கே அவரைத் தவிர்த்தவர், தன் தலைக்கு வைக்கும் கிரீடத்தில் துணிந்து இறங்கியிருப்பாரா?

அதனால்தான் வரலாற்றாசிரியர்கள் பலர், காலத்தால் பிந்திய ஜான் பக்கமே சாய்கிறார்கள். முதலில் எழுதியவர் என்பதற்காக மட்டும் ஒருவரை நம்பிவிட முடியாது. அப்படி எழுதுவதால் யாருக்கு லாபம் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

அக்டோபர் 14 அன்று ஹேஸ்டிங்ஸ் போரில் ஹெரால்டு மாண்டார். டிசம்பர் 25 அன்று, வெற்றிபெற்ற வில்லியம் வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூடினார். சூட்டி வைத்தவர் யார் என்பதில் இந்த முறை சந்தேகமே இல்லை.

எல்ட்ரெட்!