பல்சக்கரம் செய்யும் வேலை: இயந்திரம் இருக்கும்போது மனிதர் எதற்கு?

'மெஷினிஸ்ட்' வேலைன்னு சொன்னா உங்களுக்கு என்ன தோணும்? எண்ணெய்க் கறை, இரும்புத் தூள், காதைத் துளைக்கும் சத்தம். அதுதானே?

"ஒழுங்கா படி, இல்லன்னா ஃபேக்டரிக்குத்தான் போகணும்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஆனால் சிங்கப்பூரின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த 'ஃபேக்டரி'களிலிருந்துதான் வருகிறது. 2030க்குள் உற்பத்தித் துறையை 50 விழுக்காடு வளர்ப்பது இலக்கு என 2021இல் அரசாங்கம் அறிவித்தது.

அந்த இலக்கை எட்ட ஆள் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

அப்படி என்ன துல்லியம்?

இயந்திரக் கை, விமான இயந்திரம், சில மின்தூக்கிகள்... எல்லாவற்றிலும் பல்சக்கரம் உண்டு. பற்கள் இறுக்கமாக இருந்தால் சூடாகித் தேயும். தளர்வாக இருந்தால் அதிரும். இயந்திரக் கை நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

இங்கே அளவு மைக்ரோனில். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோன். உயர்தரப் பல்சக்கரத்தில் சில மைக்ரோன் பிசகினாலே அது கழிவு.

பட்டனை அழுத்தினால் போதாதா?

கணினி வழி இயங்கும் சிஎன்சி இயந்திரம் சொன்னதைச் செய்யும். சொன்னது சரியா என்று அது யோசிக்காது.

வெப்பத்தையே எடுத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் எஃகுத் துண்டு ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 1 மைக்ரோன் விரியும். அளவெடுக்க உலகத் தரநிலை 20 டிகிரி. நம்ம ஊர் வெயிலோ 30ஐத் தாண்டும். அப்படியே அளந்தால் 10 மைக்ரோனுக்கு மேல் தவறு!

வெட்டும் கருவியும் தேயும். பத்தாவது துண்டு 2 மைக்ரோன் கூடுதல், இருபதாவது 4, முப்பதாவது 6. எல்லாமே அனுமதித்த அளவுக்குள்தான். ஆனாலும் அனுபவமுள்ளவர் அங்கேயே நிறுத்துவார். தேய்ந்தது கருவியா, சூடானது இயந்திரமா, பிடிமானம் தளர்ந்ததா? காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவார். சம்பளம் அந்த முடிவுக்குத்தான்.

இந்தத் திறன் இங்கு எப்படி வந்தது?

கற்றுக்கொண்டு வந்தது. 1972இல் இந்தியாவின் டாட்டா நிறுவனத்துடன் சேர்ந்து அரசாங்கம் ஒரு பயிற்சி நிலையம் தொடங்கியது. அடுத்து ஜெர்மானியக் கேமரா நிறுவனமான ரோலையுடன். 1981இல் ரோலை போய்விட்டது. அங்கு பயின்றவர்களின் திறன் இங்கேயே தங்கியது.

அப்போ இப்ப என்ன பிரச்சினை?

உள்ளூர் இளையர்கள் அலுவலக வேலையை விரும்புகிறார்கள். அதில் தப்பில்லை. ஷிஃப்ட் வேலை, நாள் முழுக்க நிற்பது, தேர்ச்சி பெறச் சில ஆண்டுகள். எல்லாம் உண்மை. வெளிநாட்டு ஊழியர்களைக் கொண்டு இடைவெளியை முழுக்க நிரப்பவும் முடியாது. அதற்கு விகித வரம்பு உண்டு.

'ரோபோ பார்த்துக்கும்' என்பார்கள். பார்த்துக்கொள்ளும், ஓரளவு. துண்டை ஏற்றுவது, இறக்குவது, அளப்பது போன்ற எளிய வேலைகளை அது முதலில் எடுத்துக்கொள்கிறது. புதியவர்கள் தொழில் பழகியதே அந்த எளிய வேலைகளில்தான். கீழ்ப்படி போய்விட்டால், மேல்படிக்கு யார் எப்படி ஏறுவது?

நிறுவனங்கள் அதிகம் பேசாத கேள்வி இது. பயிற்சிக்கென்றே நேரமும் சம்பளமும் ஒதுக்கினால்தான் பதில் கிடைக்கும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் வேலை-படிப்புத் திட்டங்கள் ஒரு தொடக்கம்.

2025 ஏப்ரலில் அமெரிக்கா சிங்கப்பூர்ப் பொருள்களுக்கு 10 விழுக்காடு வரி விதித்தது. விலையில் நம்மால் போட்டியிட முடியாது; தரத்தில் முடியும். அந்தத் தரம் மூத்த மெஷினிஸ்ட்டுகளின் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. அவர்கள் ஓய்வுபெறும்முன் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள ஒருவர் வேண்டும்.

இயந்திரத்தை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். அந்த அனுபவத்தை வாங்க முடியாது.