ஒரு வகுப்பு, இரண்டு உபாத்தியாயர்கள்

நேயர்கள் இந்த வாரம் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை, வீட்டில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் போதும். அதன் முன்னால் நின்று, குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைத்து, "மணம்" என்று சொல்லுங்கள். பிறகு "பணம்" என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கிறது. கல்யாணப் பேச்சு நடக்கும் இடத்தில் சம்பந்தி கேட்பது மணமா, பணமா என்று கண்ணால் மட்டும் பார்த்து நிச்சயிக்க முடியாது. (சில சம்பந்திகள் விஷயத்தில் காதால் கேட்டாலும் நிச்சயிக்க முடியாது என்பது வேறு சங்கதி.)

"படம்", "மடம்" இவற்றின் கதியும் இதுவே. ககரம் போன்ற எழுத்துக்களோ வாயின் உட்புறத்தில் பிறப்பவை. உதட்டுக்கு அவற்றைப் பற்றிய சமாசாரமே தெரியாது.

நமக்கு இது ஒரு நிமிஷ வேடிக்கை. காது கேளாத குழந்தை ஒன்று சாதாரணப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தால், இந்தப் பரீட்சையைத் தினந்தோறும் ஐந்தாறு மணி நேரம் எழுத வேண்டியிருக்கிறது. உபாத்தியாயர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டாலோ, கேள்வித்தாளே கையை விட்டுப் போய்விடுகிறது!

"காதுக்குக் கருவி வைத்துவிட்டால் சரியாய்ப் போயிற்று" என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மூக்குக் கண்ணாடியைப் போல் அதையும் நினைத்துவிடுகிறோம். ஆனால் கருவி, உபாத்தியாயரின் குரலைப் பெரிதாக்கும்போதே மின்விசிறியின் சப்தத்தையும், பெஞ்சு நகரும் சப்தத்தையும், பின்வரிசைப் பிள்ளைகளின் அரட்டையையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடுகிறது. குரல் தூரத்திலிருந்து வந்தால் தெளிவு குறைந்து போகிறது. உபாத்தியாயர் சட்டையில் ஒரு சிறு ஒலிவாங்கியைப் பொருத்திக்கொண்டு, குரலை நேரே குழந்தையின் கருவிக்கு அனுப்பினால் மிகுந்த நன்மை உண்டு. சத்திரசிகிச்சை செய்து உட்செவியில் பொருத்தும் கருவியும் இன்று வந்திருக்கிறது. சிறு வயதிலேயே பொருத்தினால் அநேகக் குழந்தைகள் நன்றாகப் பேசவும் கற்றுக்கொள்கிறார்கள். ஆயினும் அந்தக் கருவியைக் கழற்றி வைத்த க்ஷணமே குழந்தை மறுபடியும் மௌன உலகத்துக்குப் போய்விடுகிறது. கருவி உதவி செய்யும். பள்ளிக்கூடத்தின் கடமையை அது செய்துவிடாது.

இந்தக் குழந்தைகளுக்கு எப்படிக் கல்வி புகட்டுவது என்பதைப் பற்றி 1880-ஆம் வருஷத்தில் இத்தாலி தேசத்து மிலான் நகரில் ஒரு சர்வதேச மகாநாடு கூடிற்று. கூடியவர்களில் ஏறக்குறைய எல்லாரும் காது நன்றாகக் கேட்பவர்கள்! அவர்கள் ஒரு தீர்மானம் செய்தார்கள்: வாய்ப்பேச்சே உயர்ந்தது, கைச்சைகையை விட்டொழிக்க வேண்டும் என்று. அதன் பிறகு பல தேசங்களில் சைகை பேசும் குழந்தைகளைத் தண்டித்தார்கள். சைகை பேசும் உபாத்தியாயர்கள் வேலை இழந்தார்கள். அந்தத் தீர்மானம் தவறு என்று ஒப்புக்கொண்டு, அதே மகாநாடு வருத்தம் தெரிவித்தது 2010-ஆம் வருஷத்தில், வான்கூவர் நகரில். நூற்று முப்பது வருஷம் சென்று கேட்ட மன்னிப்பு! ஒரு ஜனத்தின் பாஷையைப் பறிப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை, அந்நிய பாஷையிலேயே சகலமும் படிக்க நேர்ந்த நம் தேசத்தாருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, மனத்துக்கு உவப்பான ஒரு செய்தி. ஹாங்காங் நகரத்தில், அங்குள்ள சீனப் பல்கலைக்கழகத்தார் 2006-ஆம் வருஷத்தில் ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். முதலில் பாலர் வகுப்பு. பிறகு சாதாரண ஆரம்பப் பள்ளி. வகுப்பிலே இருபதுக்கு மேற்பட்ட கேட்கும் குழந்தைகளோடு ஆறேழு கேளாக் குழந்தைகளும் உட்காருகிறார்கள். பாடம் நடத்த இரண்டு உபாத்தியாயர்கள். ஒருவர் வாயினால் பேசுகிறார். மற்றவர் தாமே காது கேளாதவர். சைகைப் பாஷையில் பாடம் சொல்லுகிறார்.

இதில் இரண்டு சூட்சுமங்கள் உண்டு. ஒன்று, நாற்பது பேருக்கு நடுவே ஒரே ஒரு கேளாக் குழந்தையை விட்டால் அது கூட்டத்தில் தனிமைச் சிறை. ஆறேழு பேராக இருந்தால் அது ஒரு சிநேகிதக் கூட்டம். இரண்டாவது, தன்னைப் போல் காது கேளாத ஒருவர் உபாத்தியாயராக நிற்பதைக் குழந்தை தினமும் காண்கிறது. தானும் வளர்ந்து பெரிய மனுஷராகலாம் என்ற நம்பிக்கையை வேறு எந்தப் பாடப் புஸ்தகமும் இவ்வளவு தெளிவாகக் கற்பிக்காது.

"கேட்கும் குழந்தைகளின் படிப்பு கெட்டுப் போகாதா?" என்று பெற்றோர் கேட்பது இயற்கை. அங்கே நடந்தது என்னவென்றால், கேட்கும் குழந்தைகளும் இன்னொரு பாஷையைக் கற்றுக்கொண்டார்கள். விளையாட்டு மைதானத்தில் சண்டை போடுவதற்கும் சமாதானம் செய்துகொள்வதற்கும் அது அவர்களுக்குப் பயன்பட்டது. பாஷைக்கு அதைவிட வேறு என்ன வேலை?

நமது தேசத்தின் நிலைமை என்ன? 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி காது கேளாதவர்கள் ஐம்பது லட்சம் பேர். 2016-ஆம் வருஷத்துச் சட்டம், ஊனமுற்ற குழந்தைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உண்டு என்கிறது. அருகிலுள்ள பள்ளியா, விசேஷப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையையும் தருகிறது. இந்தியச் சைகைப் பாஷைக்கென்று 2015-ல் டில்லியில் ஒரு ஸ்தாபனம் ஏற்பட்டது. 2018-ல் மூவாயிரம் சொற்கள் கொண்ட அகராதியும் வெளிவந்தது.

விசேஷப் பள்ளிகளைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வேன்சன் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய பள்ளி முதலானவை, வேறு யாரும் ஏறிட்டுப் பாராத காலத்தில் இக்குழந்தைகளுக்குக் கதவைத் திறந்தன. நாம் அஞ்சுவதெல்லாம், "சேர்த்துக்கொண்டோம்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டுக் குழந்தையைக் கடைசிப் பெஞ்சில் மறந்துவிடும் பள்ளிகளைப் பற்றித்தான். அது சமத்துவம் அல்ல; நாகரிகமான புறக்கணிப்பு.

ஆகையால், இத்தகைய குழந்தையுள்ள பெற்றோர் பள்ளித் தலைமை உபாத்தியாயரிடம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். சைகை தெரிந்த உபாத்தியாயர் உண்டா? என் குழந்தைக்குத் துணையாக வேறு கேளாக் குழந்தைகள் உண்டா? மற்றப் பிள்ளைகளுக்கும் சைகை சொல்லித் தருவீர்களா?

மற்றப் பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "செவிட்டு ஊமை" என்ற வார்த்தையை இன்றோடு வீட்டைவிட்டு வெளியேற்றுங்கள். அநேகமாக இக்குழந்தைகளின் குரலில் ஒரு குறையும் இல்லை; பிறர் பேச்சு காதில் விழாததனாலேயே அவர்களுக்குப் பேச்சு வரவில்லை. கையினால் அவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது புரியாத குறை நம்முடையது. நம் குழந்தைகளுக்காவது அந்தக் குறை இல்லாமல் செய்துவிட்டால், பிறகு யாரும் மணத்தையும் பணத்தையும் உதட்டைப் பார்த்து ஊகிக்க வேண்டியிராது.