பறியும் காற்சட்டையும்

அண்மையில் நண்பர்கள் கூடிய ஓர் இலக்கியச் சந்திப்பில் பழவேற்காட்டு ஏரியின் புகைப்படம் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது. இடுப்பளவு நீரில் ஓர் இருளர் பெண். பனையோலையில் முடைந்த பறியைப் பற்களால் கவ்வியிருக்கிறார். இரு கைகளும் நீருக்கடியில் சேற்றைத் துழாவி இறால் தேடுகின்றன. "நெய்தலின் அழகு" என்றார் ஒருவர். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று நினைவூட்டினார் மற்றொருவர். அந்தப் பெண் என்ன உடுத்தியிருந்தார் என்று எவரும் கேட்கவில்லை. தமிழை முதுகலை வரை படித்து, தமிழையே கற்பித்துப் பிழைக்கும் நானும் அன்று வாய்மூடி இருந்தவன்தான். அதற்குக் கழுவாயாகவே இதை எழுதுகிறேன்.

அவர் உடுத்தியிருந்தது புடவை. அதன்மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை. ஏரிக்கரையில் இப்படி நீரில் இறங்கும் ஒருவரிடம் முன்பொரு முறை பேசியிருக்கிறேன். "சேலை ஊறிட்டா கால்ல கல்லக் கட்டுன மாதிரி சார். தூக்கிச் செருகினா சிப்பி கிழிக்கும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் சிக்கல் முழுவதும் இருக்கிறது. அடியில் ஆளிச் சிப்பியின் கூர்விளிம்பு, கெளிற்றின் முள், திருக்கையின் வால்முள், மேலே வெயில், நாள்தோறும் பல மணிநேரம் உப்புநீரில் ஊறும் தோல். பழவேற்காட்டு மீனவர் ஊர்களின் பாடு முறை, மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிடுகிறது; அந்தப் பங்கும் ஆண்களின் பெயரிலேயே. பாடும் படகும் இல்லாதவருக்குத் தம் உடலே கருவி. அந்தக் கருவிக்கு உறை கேட்பது ஆடம்பரமா?

'பாதுகாப்பு உடைகள்தாம் கடையில் கிடைக்கின்றனவே' என்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். அன்பர் ஒருவர் அந்த ஊருக்கு நல்லெண்ணத்துடன் இரப்பர்க் காலணிகள் வழங்கினார். எல்லாம் ஆண்களின் அளவு. சேற்றிலிருந்து கால் வந்தது, காலணி வரவில்லை. அளவு பொருந்தாத காப்பு, காப்பே அன்று. சங்கிலி ரம்பத்தால் மரம் அறுப்போர் அணியும் காற்சட்டையைப் பாருங்கள். அதனுள் நீண்ட இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். ரம்பம் துணியைக் கிழித்தவுடன் அவ்விழைகள் வெளிவந்து பல்சக்கரத்தில் சிக்கி, சங்கிலியை நிறுத்திவிடும். ஆணுக்கு வெட்டிய காற்சட்டையைப் பெண் அணிந்தால் இடுப்பில் தொளதொளக்கும், தொடையில் இறுகும், முழங்காலுக்குரிய பகுதி கீழே இறங்கிவிடும். இழை இருந்தும், இருக்கவேண்டிய இடத்தில் இராது. மேலைநாட்டுக் காடுகளில் வேலைசெய்த பெண்கள் நெடுங்காலம் இதைத்தான் அணிந்தார்கள்.

இன்னும் பெரிய இடத்துக்குப் போவோம். பழவேற்காட்டு ஏரியையும் வங்கக்கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுகலம் எழுவதை இப்பெண்கள் நீரில் நின்றபடியே பார்க்கிறார்கள். விண்வெளிக்குப் போன பெண்களுக்கும் இதே கதைதான். 2019 மார்ச்சில் இரண்டு பெண்கள் சேர்ந்து மேற்கொள்ளவிருந்த முதல் விண்நடையை நாசா மாற்றியமைத்தது. இருவருக்கும் பொருந்திய நடுத்தர அளவு மேலுடையில் ஒன்று மட்டுமே ஆயத்தமாக இருந்ததே காரணம். அந்த நடை அக்டோபரில்தான் நிகழ்ந்தது.

நம் சட்டம் மட்டும் மேலா? 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடும் இயந்திரத்தருகே பணிசெய்யும் ஆணுக்கு உடலோடு ஒட்டிய உடையை முதலாளியே தரவேண்டும் என்றது. பெண்ணுக்கோ, அத்தகைய வேலைகளையே தடுத்தது. ஆணுக்கு உடை, பெண்ணுக்குத் தடை! ஏரியில் அந்தத் தடைகூட இல்லை. வேலை உண்டு, உடைதான் இல்லை.

'பெண்கள் காற்சட்டை அணிவது நம் பண்பாடா?' என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். மடிசாரும் தார்பாய்ச்சிக் கட்டும் கால்களைப் பிரித்துக் கட்டியவைதாமே? வேலைக்கேற்ப உடையை மாற்றிக்கொண்டதே நம் மரபு. 'அவர்கள் கேட்கவில்லையே' என்பது அடுத்த வாதம். கிடைக்கும் என்று தெரியாத ஒன்றை எவர் கேட்பார்?

அதற்காக மேலைநாட்டு இரப்பர் நீர்க்காப்பு உடையை இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. நம் வெயிலில் அது வேகவைக்கும்; தடுக்கி விழுந்தால் உள்ளே நீர் நிறைந்து எழவிடாது. தேவை எளியது: நீர் தேங்காமல் விரைவில் உலரும் கெட்டித் துணி, கணுக்காலில் இறுகும் விளிம்பு, முழங்காலிலும் பின்புறத்திலும் இரட்டைத் தையல் ஒட்டு, குந்தும்போது இழுக்காத இடுப்பு, ஈரத்திலும், மாதவிலக்கு நாள்களிலும் எளிதில் அவிழ்க்கத்தக்க கட்டு, சேற்றில் கழலாத, அவரவர் காலளவுக் காலணி. வாங்குமுன் நின்று பார்த்தால் போதாது. குந்தி, குனிந்து, நனைந்து பார்க்கவேண்டும். உலகத்துக்கே ஆடை தைத்தனுப்பும் திருப்பூர் இருக்கும் மாநிலம் இது. தைக்கத் தெரியாமல் இல்லை, அளவெடுக்க மனமில்லை.

இது இலக்கியமா என்று நண்பர்கள் கேட்கலாம். நிலத்தை முதற்பொருளாகவும், தொழிலையும் உணவையும் கருப்பொருளாகவும் வகுத்த இலக்கணத்தைக் கற்பிக்கிறோம். அந்தத் தொழிலைச் செய்பவரின் கிழிந்த காலைப் பாராமல் நெய்தலைப் பாடம் நடத்துவது எனக்கு இனி இயலாது. முதலில் வேண்டியது ஓர் அளவுநாடா. அதை எடுத்துக்கொண்டு போய், அந்தப் பெண்களிடம் அனுமதி கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளும் மரியாதை அடுத்தது.