கண்ணாடியில் தெரியாத தசை

சாயங்காலம் நாலரை மணிக்கு நம் காலேஜ் ஜிம் ரூமை எட்டிப் பாருங்கள். பத்து பேர் இருந்தால் ஒன்பது பேர் கண்ணாடி முன்னால் நின்று டம்பெல்லைத் தோளுக்குத் தூக்கிக்கொண்டிருப்பார்கள். பத்தாவது ஆள் டம்பெல் எப்போ காலியாகும் என்று காத்திருப்பான். போன வருஷம் அந்த ஒன்பதில் நானும் ஒருத்தன். அதனால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆறு மாசம் கர்ல் மட்டும்தான் அடித்தேன். ரங்கநாதன் தெருவில் அரைக்கை சட்டை எடுக்கும்போது "ஒரு சைஸ் பெருசா குடுங்க" என்று கேட்டதில் என்ன பெருமை! ஆனால் ஃபிட்டிங் ஷாப்பில் மானம் போச்சு. அரம் முன்னால் தள்ளும்போதுதான் வெட்டும், ஹேக்ஸாவும் அப்படித்தான். அதாவது முழங்கையை நீட்டுகிற வேலை. பத்து நிமிஷத்தில் என் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வைஸில் நின்ற ஒல்லிப்பிச்சான், ஜாப்பை முடித்துக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். மயிலாப்பூர் பையன். தாத்தா சொல்லிக்கொடுத்த தண்டாலைத் தவிர வேறு எக்ஸர்சைஸ் தெரியாதவன்.

விஷயம் வேறொன்றுமில்லை, அப்ளைடு மெக்கானிக்ஸ்தான். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முழங்கையை மடக்க முன்பக்கம் பைசெப்ஸ், நீட்ட பின்பக்கம் டிரைசெப்ஸ் என்று கொடிக்கம்பத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி கட்டுகிற மாதிரி ஒரு ஏற்பாடு. பைசெப்ஸ், மூட்டிலிருந்து சுமார் 4 செ.மீ. தள்ளி எலும்பைப் பிடித்திருக்கிறது. டம்பெல்லோ 32 செ.மீ. தள்ளி இருக்கிறது. 10 கிலோவை முழங்கை செங்கோணத்தில் நிறுத்திப் பிடிக்க எவ்வளவு இழுவிசை வேண்டும்? மொமென்ட் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 80 கிலோ வரும்! அதை நான் ஓய்வே இல்லாமல் தினமும் ஒரே இடத்துக்குக் கொடுத்தேன். முழங்கை மடிப்பில் வலி வந்து மூன்று வாரம் பக்கெட் தூக்க முடியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மேல்கையின் பருமனில் பாதிக்கு மேல் டிரைசெப்ஸ்தான். கை பெருக்க வேண்டும் என்று அலைகிறவனே பெரிய பங்கை விட்டுவிடுகிறான். என்ன செய்வது, அது கண்ணாடியில் தெரியாதே...

வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-ல் கோல்டு கோஸ்ட்டில் மறுபடியும் தங்கம். அந்த விளையாட்டில் எவ்வளவு எடையை மேலே கொண்டுபோனாலும் முழங்கை முழுசா நீண்டு பூட்டிக்கொள்ள வேண்டும். மடங்கின கையை மெதுவாக அழுத்தி நீட்டினால் 'நோ லிஃப்ட்'. பின்தசை அங்கே அலங்காரத்துக்கு இல்லை.

அதற்காக இரண்டுக்கும் ஒரே கிலோ போடுங்கள் என்று சொல்லவில்லை. நெம்புகோல் வேறு, தசை வேறு. இழுக்கிற பயிற்சி ஒன்று செய்தால் தள்ளுகிறது ஒன்று செய்யுங்கள், அவ்வளவுதான். தண்டால் கோஷ்டியும் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அந்த மயிலாப்பூர் நண்பனை ஒருநாள் ஜிம் ரூம் வாசல் உத்திரத்தில் தொங்கவிட்டுப் பார்த்தேன். இரண்டு புல்-அப்போடு இறங்கிவிட்டான்!

இப்போது யூனியன் இன்னொரு கண்ணாடியும் ஒரு கர்ல் பெஞ்சும் வாங்கப் போவதாகக் கேள்வி. நான் எதிர்க்கிறேன். அந்தக் காசில் பாதி போதும், டிப்ஸ் அடிக்க ஒரு ஜோடி பாரும் மேலே ஒரு புல்-அப் பாரும் நாமே வெல்டிங் ஷாப்பில் செய்துவிடலாம். எம்.எஸ். பைப் போதும். ஜி.ஐ. வேண்டாம், வெல்டு வைக்கும்போது துத்தநாகப் புகை வரும். டிராயிங் என்னிடம் ரெடி. இரண்டு பைப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதில்தான் இன்னும் சண்டை. திங்கட்கிழமை சாயங்காலம் டேப்போடு வருகிறேன், எல்லோரும் தோளை அளக்கக் கொடுங்கள்.