கண்ணே சாட்சி



பள்ளி விடுமுறை நெருங்கும்போது நம் இல்லங்களில் எழும் கேள்விகளில் ஒன்று, "பிள்ளைக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுக்கலாமா?" என்பது. பறவைகளின்மேல் ஆசை கொண்ட பிள்ளைக்கு அது நல்ல பரிசுதான். ஆனால் வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் யாவும் போக மிஞ்சியதைச் சிறுகச் சிறுகச் சேர்க்கும் குடும்பத்திற்கு, பொருந்தாத பொருளில் போட்ட பணம் மீண்டும் கைக்கு வராது. பொருளோ பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கும். ஆகவே இம்மாதம் இதைக் குறித்துச் சற்று விரிவாய்ச் சிந்திப்போம்.

இக்கருவியைத் தெரிந்தெடுக்கும் முறையை இங்கிலாந்தின் ஒரு சந்தையிலிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். ரட்லண்ட் வாட்டர் என்னும் பெரிய நீர்த்தேக்கத்தின் கரையில் 1989ஆம் ஆண்டு தொடங்கி 2019 வரை ஆகஸ்டு மாதந்தோறும் 'பேர்ட்ஃபேர்' என்னும் பறவை ஆர்வலர் சந்தை நடைபெற்றது. அது நின்றுபோன பின்பு, 2022இல் 'குளோபல் பேர்ட்ஃபேர்' என்ற பெயரில் அதே ரட்லண்ட் பகுதியில் புதிய சந்தை தொடங்கியது. ஆஸ்திரியாவின் ஸ்வரோவ்ஸ்கி, ஜெர்மனியின் ஸைஸ், லைக்கா, ஜப்பானின் நிக்கான், கோவா போன்ற நிறுவனங்களின் கருவிகளை ஒரே இடத்தில் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பே இத்தகைய சந்தைகளின் சிறப்பு. வருகிறவர்கள் விலைச்சீட்டைப் படித்துவிட்டு வாங்கிவிடுவதில்லை. தொலைவிலுள்ள ஒரே மரக்கிளையை, ஒரே பறவையை, ஒரே வெளிச்சத்தில், ஒன்றன்பின் ஒன்றாகப் பல கருவிகளில் பார்த்து ஒப்பிடுகிறார்கள். கடைக்குள் விளக்கொளியில், பத்தடி தூரத்துச் சுவரைப் பார்த்து எந்த பைனாகுலரையும் எடைபோட முடியாது. திறந்த வெளியே அதற்குரிய பரிசோதனைக்கூடம்.

முதலாவது, கருவியின் மேல் எழுதப்பட்டுள்ள எண்களின் பொருளை அறியவேண்டும். 8x42 என்றால், பொருளை எட்டு மடங்கு அருகே காட்டும். முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் 5.25 கிடைக்கும். கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 8x25 அளவுள்ள சிறிய கருவியில் அந்த வட்டம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டரே. நண்பகலில் நம் கண்மணி சுருங்கியிருப்பதால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அந்திவேளையில் கண்மணி விரியும்போதோ, சிறியதில் காட்சி மங்கும். பெரியதில் பறவையின் நிறம் இன்னும் தெரியும்.

"பத்து மடங்கு என்றால் எட்டைவிட மேலானது அல்லவா?" என்று கேட்கலாம். எப்போதும் அப்படியல்ல. பெருக்கம் கூடும்போது கையின் நடுக்கமும் கூடவே பெருகுகிறது. ஒரே பார்வையில் அடங்கும் வெளியும் பொதுவாகக் குறைகிறது. பறவையைத் தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். முதன்முதல் வாங்குகிறவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டு மடங்கே பெரும்பாலும் ஏற்றது.

இரண்டாவது, ஒப்பிடுமுன் கருவியை உங்கள் கண்ணுக்கு இசைவாக்கிக்கொள்ள வேண்டும். இரு குழல்களையும் மடக்கி, இரண்டு வட்டங்களும் ஒன்றாய்த் தெரியும்படி வையுங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பின்பு இடது கண்ணை மூடி, பெரும்பாலும் வலப்பக்கக் குழலில் இருக்கும் சிறு வளையத்தைத் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். இதைச் செய்யாமல் நல்ல கருவியைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

மூன்றாவது, மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் அதைக் கழற்றாமலே பார்க்கவேண்டும். கண் வைக்குமிடத்திலுள்ள ரப்பர் விளிம்பை இறக்கிய பின்பும், சாவித் துவாரத்தின் வழியே பார்ப்பதுபோல் வட்டம் சுருங்கித் தெரிந்தால், அது உங்களுக்குரியதல்ல. கண்ணுக்கும் கருவிக்கும் இடையே குறைந்தது 15 மில்லிமீட்டர் இடைவெளியிலும் முழுக்காட்சி கிடைக்கவேண்டும். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியும் பார்க்கவேண்டுமானால் இதை மறந்துவிடலாகாது.

நான்காவது, வெளிர்வானத்தின் முன் நிற்கும் கரிய கிளையைப் பாருங்கள். அதன் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கோடிட்டால் லென்ஸின் தரம் குறைவு. காட்சியின் நடுவில் மட்டுமன்றி ஓரத்திலும் தெளிவு உண்டா என்று கவனியுங்கள். ஐந்து நிமிடம் விடாமல் பார்த்தபின் கண் வலித்தால், இரு குழல்களும் ஒரே நேர்கோட்டில் இல்லாதிருக்கலாம்.

இவ்விதம் ஒப்பிடுகிறவர்கள் காணும் உண்மை ஒன்றுண்டு. மிக மலிவானதற்கும் நடுத்தர விலையுள்ளதற்கும் உள்ள வேறுபாடு எவர் கண்ணுக்கும் உடனே தெரியும். நடுத்தரத்திற்கும் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்டதற்கும் உள்ள வேறுபாடோ, பட்டப்பகலில் எளிதில் புலப்படாது. அந்தியிலும் காட்சியின் ஓரங்களிலுமே அது வெளிப்படும். அந்தச் சிறு வேறுபாட்டுக்காகக் கடன்படுவது குடும்பஸ்தனுக்கு அவசியமா? அதுபோலவே, நடைபாதையில் "ஐம்பது மடங்கு" என்ற எழுத்தோடும் சிவந்து மின்னும் லென்ஸோடும் விற்கப்படுகிறதைக் கண்டு மயங்காதிருங்கள். அத்தனை பெருக்கத்தைக் கையில் பிடித்து அசையாமல் பார்க்க எவராலும் இயலாது. அந்தச் சிவப்பு மினுமினுப்பும் தரத்திற்கு அடையாளமல்ல.

"நம் நகரத்தில் அப்படிப்பட்ட சந்தை ஏது?" என்கிறீர்களா? மும்பையில், 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பறவை நோக்கும் நடைகளை நடத்துகிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து குவியும் தானே கழிமுகம் 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. டெல்லியில் இருப்பவர்களுக்கு ஓக்லா சரணாலயம் உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் பறவை பார்ப்பவர்களிடம் பணிவாய்க் கேட்டால், தங்கள் கருவியைச் சில நிமிடம் கொடுக்கப் பலரும் தயங்குவதில்லை. இரண்டு மூன்று பேருடைய கருவிகளில் அதே பூநாரையைப் பார்த்துவிட்டால், அதுவே உங்களுக்குரிய சந்தை.

பெற்றோருக்கு ஓர் எச்சரிப்பு: பைனாகுலரால் சூரியனை ஒருபோதும் நோக்கலாகாது. ஒரு நொடிப்பொழுதும் கண்ணைக் கெடுத்துவிடக்கூடும். கருவியைப் பிள்ளையின் கையில் கொடுக்குமுன் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆகவே அன்பானவர்களே, வாங்கப் புறப்படும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதைக் கழுத்தில் சுமக்கப்போவது பிள்ளைதான். கடைக்காரரிடம் அனுமதி பெற்று, இரண்டு மூன்று கருவிகளை வாசலுக்குக் கொண்டுவந்து, எதிர்த்தெருவின் மரத்தைப் பிள்ளை பார்க்கட்டும். "இதில் தெளிவாய்த் தெரிகிறது, கழுத்தும் வலிக்கவில்லை" என்று பிள்ளை சொல்லும் கருவியை, உங்கள் பணப்பை இடங்கொடுக்குமானால், வாங்கிக்கொள்ளுங்கள்.